எத்தனை மணி நேரம் சர்வீஸ்?

காலேஜுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் நல்ல மனசை மணிக்கணக்கில் அளந்து, பிடிஎஃப் ஆக்கி, கடைசித் தேதிக்குள் அனுப்பிவைப்பது என் தொழில்.

தோஹாவில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில், பல் டாக்டருக்கும் டைப்பிங் சென்டருக்கும் நடுவில் எங்கள் ஆபீஸ். மூன்று இடத்திலும் ஜனங்கள் ஒரே மாதிரி முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மார்க் மட்டும் போதாதாம். பிள்ளை படிக்காத நேரத்தில் என்ன செய்தது என்றும் சொல்ல வேண்டுமாம். தொண்டு, தலைமைப் பண்பு, கலை, விளையாட்டு என்று விண்ணப்பத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். அந்தக் கட்டங்களுக்குள் பிள்ளையை மடித்து வைப்பதற்கு 'புரொஃபைல் பில்டிங்' என்று பெயர். எங்கள் ரம்யா மேடம் அதில் கெட்டிக்காரர். நான் அவரிடம் கட்டுரை எழுத உதவுகிற ஆள். தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தவன் என்று வேலைக்கு வந்த அன்று வாய் தவறிச் சொன்னேன். அதற்காகவே எடுத்துக்கொண்டார். எனக்குக் குரல்தான் எழும்பாது. வருகிற பெற்றோரில் பாதிப் பேர் என்னிடம் முதலில் சொல்வது, "தம்பி, கொஞ்சம் சத்தமா பேசுங்க."

பிளஸ் டூ பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களே, நீங்களும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே அவஸ்தையைப் பட்டிருப்பீர்கள். அதனால் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். மெதுவாகத்தான் சொல்லப்போகிறேன்.

டிக்கியிலிருந்து வந்த குப்பை

கடற்கரையைச் சுத்தம் செய்வது எங்கள் தொழிலில் இட்லி மாதிரி, எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை காலை பதினான்கு குடும்பங்கள் தொப்பி, கையுறை, ஒரே நிறச் சட்டை சகிதம் போய் இறங்கினோம். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கு முன்னாலேயே முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். மணல் சலித்து வைத்த மாவு மாதிரி கிடந்தது. வெகுநேரம் தேடி ஒரே ஒரு சிகரெட் துண்டு அகப்பட்டது. அதன் மேல் மூன்று பிள்ளைகள் பாய்ந்தார்கள். யார் கண்ணில் முதலில் பட்டது என்று பெற்றோருக்குள் பேச்சு தடித்தது.

அப்போதுதான் சுதா அக்கா காரின் டிக்கியைத் திறந்தார். இவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவார். உள்ளே தண்ணீர் பாட்டில்கள், ஜூஸ் டப்பாக்கள், தயிர்க் கிண்ணங்கள். எல்லாம் வீட்டிலேயே கழுவிக் காயவைத்தவை. அலை வந்து தொடுகிற இடமாகப் பார்த்து, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல இடைவெளி விட்டு வைத்துக்கொண்டே போனார். அவர் மகன் பிரணவ் குனிந்து எடுத்துக்கொண்டே வந்தான். நான் போட்டோ எடுத்துக்கொண்டே போனேன். மற்ற அம்மாக்கள் முறைத்தார்கள். முறைத்து முடித்ததும் ஒருவர் பின் ஒருவராக வந்து ஆளுக்கு நாலு பாட்டில் இரவல் கேட்டார்கள். சுதா அக்கா தாராளமானவர். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தம்பி, குப்பை பத்தலைன்னா கூச்சப்படாம கேளுங்க. டிக்கியில இன்னும் ரெண்டு பை இருக்கு."

சேவியர் அண்ணனின் கணக்கு

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் சேவியர் அண்ணன் வந்தார். குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். அங்கே கடலுக்குப் போனவர், இங்கே வந்து இருபது வருஷமாக ஏசி மெக்கானிக். டூட்டிச் சட்டையோடு வந்திருந்தார். சோபாவில் அழுக்கு படுமே என்று விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். பக்கத்தில் மகள் பெனிட்டா, பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ். பெனிட்டாவுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும். இங்கேயே இருக்கும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் அப்பா அம்மாவோடு வீட்டிலிருந்தே படிக்கலாம். கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய்ச் சித்தி வீட்டில் தங்கி, எந்தக் காலேஜில் எது கிடைக்கிறதோ அது. விண்ணப்பத்துக்கு ஆறு வாரம் இருந்தது. மார்க் எல்லாம் தொண்ணூற்றைந்துக்கு மேல். மற்ற கட்டங்கள் அத்தனையும் காலி.

நான் படிவத்தை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "கம்யூனிட்டி சர்வீஸ் ஏதாவது செஞ்சிருக்காங்களாண்ணே?"

"கொஞ்சம் ஒறக்கச் சொல்லுங்க தம்பி." சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "செஞ்சிருக்காளாவா! ஒம்பதாங் கிளாஸில இருந்து மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வெள்ளிக்கிழம எங்கூடத்தான சர்வீஸுக்கு வாறா."

எனக்கும் சந்தோஷம். காலிக் கட்டம் ஒன்று குறைந்ததே. "எத்தனை இருக்கும்?" என்றேன். அவர் மகளைப் பார்த்தார். "ஒரு அம்பது இருக்காதா பிள்ளே?" நான் ஐம்பது மணி நேரம் என்று எழுதினேன். "யாருக்கு?" "நம்ம கோயில் ஆளுவளுக்கு, அவளுக்க அம்மகூட வேல பாக்குத நர்ஸுமாருக்கு. காசு ஒண்ணும் வாங்கமாட்டோம்." அருமை. "என்ன மாதிரி சர்வீஸ்ணே?" என்று கேட்டதும் அவர் பேனாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். இவ்வளவு படித்த பையன் இப்படிக் கேட்கிறானே என்ற இரக்கத்தோடு அவர் கேட்டார்: "என்ன மாதிரின்னா… ஸ்பிளிட்டா, விண்டோவான்னு கேக்குதியளா மக்கா?"

செப்டம்பர் கம்பளி

ரிஷி எங்கள் ஆபீஸின் நட்சத்திரம். அப்பா ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் பெரிய இன்ஜினியர். பதினாறு வயதில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிறுவனர். பெயர் 'வெதுவெதுப்பான இதயங்கள்'. பொருளாளர் அவன் அம்மா. தொண்டர் அணித் தலைவி நான்காம் வகுப்பு படிக்கும் தங்கை. தொண்டர் அணியில் வேறு யாரும் இல்லை. உழைக்கும் மக்களுக்குக் குளிர்காலத்தில் கம்பளி வழங்குவது நோக்கம். ஆனால் குளிர்காலம் டிசம்பரில் வருகிறது, விண்ணப்பம் அக்டோபரில் போகிறது. பருவத்தை மாற்ற மேடமால் முடியவில்லை. அதனால் விழாவை செப்டம்பருக்கு மாற்றினார்.

தொழில்பேட்டையில் தொழிலாளர்கள் தங்கும் ஒரு கேம்ப். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. ஆறு பேர் தங்கும் அறைகளிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு கம்பளி. போட்டோவில் மடிப்பு தெரியக் கூடாது என்று விரித்துப் போர்த்திக்கொள்ளச் சொன்னோம். போர்த்திக்கொண்டார்கள். சிரிக்கச் சொன்னோம், சிரித்தார்கள். வியர்வை மின்னுவது போட்டோவில் அழகாக இருப்பதாக மேடம் சொன்னார். பதினாலாம் நம்பர் அறையில் முத்துராக்கு என்று ஒருவர், சிவகங்கைப் பக்கத்துக்காரர், கொத்தனார். தாடை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றவர், கேமரா இறங்கும் வரை காத்திருந்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கம்பளி நல்லாருக்கு தம்பி. இதப் போத்திக்கிட்டுப் படுக்குறதுக்கு ஓடுற ஏசி ஒண்ணு கெடைக்குமா?"

போட்டோ இல்லாத வெள்ளி

அன்று சாயங்காலமே சேவியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை, இங்கே அதுதான் லீவு நாள், சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பிக்கப்பில் வந்துவிட்டார். கேம்ப்புக்குள் பெண்பிள்ளைக்கு அனுமதி கிடையாது. அதனால் வண்டியை கேட்டுக்கு வெளியே நிழலில் நிறுத்தி, பின்கதவை இறக்கி, அதையே பெஞ்சாக்கிக்கொண்டு பெனிட்டா நின்றாள். அப்பா உள்ளே விண்டோ ஏசிகளைக் கழற்றுவார், அந்தந்த அறைக்காரர்கள் நாலு பேராகத் தூக்கி வருவார்கள், இவள் திறப்பாள். முதலில் கபாசிட்டரை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு அதில் மிச்சமிருக்கிற கரண்ட்டை இறக்கினாள். பிறகுதான் மற்றதில் கை வைத்தாள். காயிலுக்குள் பாலைவனத்தில் பாதி இருந்தது. தன்னைவிட இரண்டு மடங்கு வயதான ஆட்களைப் பார்த்து, "அண்ணா, ஃபில்டரக் கழுவாம கொண்டுவந்தா நான் தொடமாட்டேன், லைன்ல கடைசிக்குப் போங்க" என்றாள். போனார்கள். எனக்கு ஒரு தடவைகூட யாரும் அப்படிப் போனதில்லை.

நாலு வெள்ளிக்கிழமையில் இருபத்திமூன்று ஏசி ஓடியது. கடைசி வெள்ளி அன்று பெனிட்டா முத்துராக்கு அண்ணனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் பதினைந்து நாளுக்கொரு முறை எதைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். சனிக்கிழமை ஓடிப்போய் மேடமிடம் சொன்னேன். தொண்டு, தலைமைப் பண்பு, பயிற்சி, மூன்று கட்டமும் ஒரே அடியில் நிரம்பிவிட்டது என்றேன். அவருக்கு முதலில் காதில் விழவில்லை. சத்தமாகச் சொன்னேன். போட்டோ எங்கே என்றார். என் இரண்டு கையிலும் ஸ்க்ரூ டப்பா இருந்தது என்றேன். தவிர, கம்பளிக்குச் சிரித்துக்கொண்டு வழிவிட்ட செக்யூரிட்டி, கெட்டுப்போன ஏசியைப் பார்த்து நான் ஒரே ஒரு தடவை போனை எடுத்ததும் 'போட்டோ மாஃபி', போட்டோ கூடாது என்று கையை நீட்டிவிட்டார் என்றேன். மேடம் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "போட்டோ இல்லன்னா அது தொண்டு இல்லப்பா. வெறும் வேலை."

ஒரு சின்னக் கஷ்டம்

'நீங்கள் எதிர்கொண்டு வென்ற ஒரு சோதனையைப் பற்றி எழுதுக' என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். நல்ல குடும்பங்கள் இடறி விழுகிற இடம் இது. ஒரு வங்கி அதிகாரி மகளோடு வந்து உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் ஒரு மணி நேரம் அந்த வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினோம். யாரும் சாகவில்லை. யாருக்கும் வேலை போகவில்லை. பிள்ளைக்கு அம்மை மட்டும் வந்திருக்கிறது, அதுவும் லீவு நாளில். "எப்பவாச்சும் வீட்ல சங்கடமா இருந்திருக்கா சார்?" என்றேன். அவர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். பிறகு முகம் நிஜமாகவே கறுத்தது. குரல் தழுதழுக்கச் சொன்னார்: "எங்க மெய்டு லீவுல போயி ரெண்டு மாசம் வரல தம்பி. அந்த ரெண்டு மாசம் நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

பொழுதுபோக்கு

ஒரு அம்மா மகனின் வாரத்தை அட்டவணையாக அடித்துக் கொண்டுவந்தார். ஞாயிறு கிடார், திங்கள் கராத்தே, செவ்வாய் ரோபோ செய்வது, புதன் விவாத மேடை, வியாழன் ஸ்பானிஷ், வெள்ளி நீச்சல், சனி அனாதை இல்லத்துக்கு வீடியோ அழைப்பு. கலர் கலராகக் கோடு போட்டிருந்தது. வெள்ளையாக எதுவுமே இல்லை. பையன் பக்கத்து நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தான். 'இதில் உனக்கு உண்மையிலேயே பிடித்தது எது' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதற்காக அவன் தோளைத் தட்டி எழுப்பிக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே "ஸ்லீப்" என்றான். அம்மா ஒரு கணம் அதிர்ந்தார். ஆனால் இங்கே வருஷக்கணக்காகப் பிள்ளை வளர்த்தவர், சட்டென்று தேறிக்கொண்டார். பையைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டே கேட்டார்: "அதுக்கு கிளாஸ் எங்க நடக்குது தம்பி? சர்டிபிகேட் குடுப்பாங்களா?"

கெடாத ஏசி

பெனிட்டாவின் விண்ணப்பத்துக்கு வருவோம். பத்து நாள்தான் பாக்கி. போட்டோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேற்பார்வையாளர் ஒருவர் கையெழுத்துப் போட்ட கடிதம் போதும் என்று மேடம் இறங்கிவந்தார். சொந்தக்காரர் போடக் கூடாது என்பது விதி. ஆக, சேவியர் அண்ணன் ஆகாது. கோயில் ஆட்களிடம் கேட்கலாமா என்றால், பங்குச்சாமியார் ஊருக்கு லீவில் போயிருந்தார், நர்ஸம்மாக்கள் எல்லாம் அம்மாவின் தோழிகள். மிச்சம் இருந்தது கேம்ப்பை நிர்வகிக்கிற 'கேம்ப் பாஸ்' ஒருவர்தான். இருபத்திமூன்று ஏசி இனாமாக ஓடியிருக்கிறது, சந்தோஷமாகப் போடுவார் என்று கடிதத்தை நானே அடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பெண் கெட்டிக்காரி என்றார், கடவுள் நல்லபடி வைக்கட்டும் என்றார். பேனாவை மட்டும் தொடவில்லை. இருபத்திமூன்று ஏசியைச் சரிசெய்தாள் என்று அவர் எழுதிக்கொடுத்தால், இருபத்திமூன்று ஏசி கெட்டுக் கிடந்தது என்று அவரே எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடுமாம். கோடை முழுக்க எல்லாம் ஓடியதாக அவர் மாதா மாதம் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாது என்று முதுகில் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்: "பாய், இங்க ஏசி எதுவும் கெடவே இல்ல. கெடாத ஏசிய ரிப்பேர் பண்ணினதா நான் எப்படி எழுதுறது? கலாஸ், முடிஞ்சுது."

நிறுவனர் கையெழுத்து

மேடமிடம் வழி இல்லாமல் இல்லை. 'வெதுவெதுப்பான இதயங்கள்' ஒரு தொண்டு நிறுவனம், அதற்கு லெட்டர்பேட் இருக்கிறது, நிறுவனரின் கையெழுத்து செல்லும். ரிஷி நல்ல பையன், கேட்டதும் போட்டுக் கொடுத்தான். 'செல்வி பெனிட்டா கம்பளி வழங்கும் பணியில் நூற்றிருபது மணி நேரம் தன்னலமின்றி உழைத்தார்.' பெனிட்டாவைவிட ஒரு வயது சின்னவன் அவளுக்கு நற்சான்று கொடுத்திருந்தான். நடக்காத நூற்றிருபது மணி நேரத்துக்கு ஒரு பத்தி வேண்டுமே, அதை எழுதியவன் நான். கம்பளியை வாங்கிய ஒரு முதியவர் கண்ணீர் விடுகிற மாதிரி வைத்தேன். நன்றாகவே வந்திருந்தது.

அப்பாவும் மகளும் வந்தார்கள். பெனிட்டா திரையில் அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "கம்பளி குடுத்தன்னிக்கு நான் அங்க இல்லியே அண்ணா." நான் மேடமின் அறைப் பக்கம் பார்த்தேன். சேவியர் அண்ணன்தான் பேசினார். அவ்வளவு மெதுவாக, எனக்கு இணையாக ஒருவர் பேசி அன்றுதான் கேட்டேன். "போட்டிரு மோளே. எல்லாரும் போடுதாவதான. நீ அங்க போயி சித்தி வீட்டில கெடந்தா எனக்கும் அம்மைக்கும் இங்க என்ன இருக்கு?"

பெனிட்டா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். என் கையிலிருந்து மவுஸை வாங்கினாள். முதியவர் கண்ணீரோடு போனார், நூற்றிருபது மணி நேரமும் போனது. அந்த இடத்தில் அவளே தட்டினாள்: 'ஏசி சர்வீஸ். விண்டோ அறுபத்தொன்று, ஸ்பிளிட் பதினொன்று.' மணி நேரம் எத்தனை என்று கேட்பார்களே என்றேன். நான் பயத்தில் கேட்டது அவளுக்குக் காதில் விழுந்துவிட்டது. "மணிக்கணக்கு எனக்குத் தெரியாது அண்ணா. நான் எண்ணினது ஏசியத்தான்."

பதினாலாம் நம்பர் அறையின் மேற்பார்வையாளர்

மணிக்கணக்குக் கட்டத்தை ஒருவழியாகக் காலியாக விட்டோம். மேற்பார்வையாளர் பெயர் இல்லாமல் மட்டும் திரையில் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகர மறுத்தது. சொந்தக்காரர் கூடாது என்றுதான் விதி சொல்கிறது. படித்தவராக, கோட்டுப் போட்டவராக இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. பெனிட்டாதான் அதைக் கண்டுபிடித்தாள். நான் கடிதத்தோடு முத்துராக்கு அண்ணனைப் பார்க்கப் போனேன். தமிழில் எழுதி, கீழே நான் மொழிபெயர்த்திருந்தேன். பதினாலாம் நம்பர் அறை ஜில்லென்று இருந்தது. கம்பளி அவர் கட்டிலில் மடித்துக் கிடந்தது. "நெசமாவே இப்பத் தேவைப்படுது" என்று சிரித்தார். பிறகு கடிதத்தைப் பார்த்து யோசித்தார்.

"இது கம்பெனிக்குப் போவாதே?"

"காலேஜுக்கு மட்டும்தாண்ணே. கேம்ப் பேரு, கம்பெனி பேரு எதுவும் இதுல இல்ல."

"வேலைக்கு ஒண்ணும் வில்லங்கம் வராதே?" வராது என்றேன். வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றும் சொன்னேன். அவர் அதற்குள் சட்டைப்பையில் பேனாவைத் தேட ஆரம்பித்திருந்தார். பெயரைத் தமிழில் முழுசாக எழுதினார். பதவி என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். மேற்பார்வையாளர் என்று போடச் சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதிவிட்டு, தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எனக்கு மேல இங்க பதினாறு சூப்பர்வைசர் இருக்கான் தம்பி. நான் ஆவுறது இதான் மொதத் தடவ."

எதற்குக் கிடைத்தது

ஜனவரியில் வீடியோ நேர்காணல். அதில் ஓர் அம்மையார் பெனிட்டாவிடம், மணிக்கணக்கு ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டாராம். இவள் பேசிய நேரத்தில் பாதி கபாசிட்டரைப் பற்றி. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தப் பெண்ணை நம் பட்டியலில் காட்ட வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார். சேவியர் அண்ணன் ஊரில் மச்சினியிடம் போன் போட்டு, மாடி அறையைக் காலி செய்து வைக்கச் சொல்லியிருந்தார்.

மார்ச்சில் மெயில் வந்தது. இடம், முழு உதவித்தொகை, இரண்டும். ரிஷிக்கும் அமெரிக்காவில் கிடைத்தது. கம்பளிக் கட்டுரை நான் எழுதியதுதான், படித்தால் உங்களுக்கே குளிரும். மறுநாள் காலை எங்கள் ஆபீஸ் கதவில் பெனிட்டாவின் ஆளுயரப் படம், 'எங்கள் மாணவி, எங்கள் திட்டமிடல், எங்கள் வெற்றி' என்று. நன்றி சொல்ல வந்தவள் தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று படித்தாள். சேவியர் அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையில் கிரீஸ் இருந்ததோ என்று பதறிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். உள்ளே வந்ததும் நான் அடக்க முடியாமல் கேட்டேன், உண்மையில் எதற்கம்மா கொடுத்தார்கள் என்று. உங்களில் பாதிப் பேர் இத்தனை நேரம் படித்ததே இதைத் தெரிந்துகொள்ளத்தான் என்பதும் எனக்குத் தெரியும். பெனிட்டா தோளைக் குலுக்கினாள். "மார்க்குக்கா ஏசிக்கான்னு அவங்க சொல்லல அண்ணா. நானும் கேக்கல."

ஏப்ரல்

படம் கதவில் ஒட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் ஓயவில்லை. கடற்கரை வேண்டாமாம், கம்பளி வேண்டாமாம், அனாதை இல்லம் பழசாகிவிட்டதாம். எல்லாருக்கும் ஏசி வேண்டும். மேடம் அதற்குள் 'குளிரும் கரங்கள்' என்று ஒரு திட்டத்துக்குப் பெயர் வைத்துவிட்டார். சேவியர் அண்ணனைக் கேட்டார். வெள்ளிக்கிழமை வண்டியில் இடம் இல்லை, பிள்ளைகள் பின்னால் நின்று ஃபில்டர் வேண்டுமானால் கழுவட்டும், கையுறையும் கேமராவும் கொண்டுவரக் கூடாது என்றார் அவர். அதைக் கேட்டதும் பட்டியலில் இருந்த பதினெட்டுப் பேரும் பின்வாங்கினார்கள். ஃபில்டர் கழுவுவதில் தலைமைப் பண்பு தெரியாதே என்பது அவர்கள் கவலை.

ஒருவர் மட்டும் பின்வாங்கவில்லை. சுதா அக்காதான், நினைவிருக்கிறதா? பிரணவை எங்கோ சேர்த்துவிட்டார், இப்போது பிரணவின் தங்கை. சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கேம்ப்புக்குப் போவதெல்லாம் வெயில், ஒத்துக்கொள்ளாது என்றார். பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். அவர் என்னைச் சத்தமாகப் பேசச் சொல்லவில்லை. அவர்தான் அன்று குரலைத் தாழ்த்தினார்: "எங்க ஹால் ஏசிய நேத்தே கெடுத்து வச்சிட்டோம் தம்பி. நீங்க கேமராவோட வந்தா போதும்."

இங்கே ஒரு பிள்ளை நல்லது செய்ய வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஏதாவது ஒன்று கெட்டிருக்க வேண்டியிருக்கிறது, நல்லவேளையாக அதைக் கெடுத்துவைக்கிற பொறுப்பை மட்டும் பெற்றோரும் நாங்களும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.